முலுண்டில் லைன் வந்துவிடும்

காகிதத்தில் மொத்தம் நாலு வரி. ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு பத்துக்கு எங்கள் கருவி எச்சரிக்கை அனுப்பியது, அது உரியவரின் போனில் போய்ச் சேர்ந்தது, கருவியில் எந்தக் குறையும் இல்லை என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் ஷ்யாமளாவின் பெயர். முதலாளி அனந்தகிருஷ்ணன் காகிதத்தை அவள் மேஜையில் வைத்தார். கையோடு பேனாவையும் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்தார். எதையும் பாதியில் விடுகிற மனிதர் இல்லை அவர்.

"வெள்ளிக்கிழமை விசாரணையாம். நம்ம ரெக்கார்டு என்ன சொல்றதோ அதைத்தான் அடிச்சிருக்கேன். போட்டுக் குடுத்துடு ஷ்யாமளா."

வேறொரு நாளாக இருந்தால் போட்டிருப்பாள். இதே மாதிரி ஒரு காகிதத்தில் முன்பும் ஒருமுறை போட்டிருக்கிறாள். யாருக்காக, எதற்காக என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. ஆனால் அன்று காலை மாதுங்கா ஸ்டேஷன் படியில் இறங்கும்போது அவளுக்கு ஒரு போன் வந்திருந்தது.

"மேடம், நான் மாசானம் பேசுதேன். செம்பூர் ப்ளட் பேங்க் மாசானம். என்னைய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"கேள்விப்பட்டேன் மாசானம்."

"எனக்கு மெசேஜே வரல மேடம். போனைக் கைல வச்சிக்கிட்டுதான் சாப்பிட்டேன். மெஷினு பொய் சொல்லாதுங்காங்க. அப்ப நாந்தான பொய் சொல்லுதேன்னு ஆவுது?"

ரயில் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள். ரயில் வர இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

நடந்தது இதுதான். செம்பூரில் ஒரு சின்ன ரத்த வங்கி. அதன் அடித்தளத்தில் ரத்தப் பைகள் வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜின் மேல் ஷ்யாமளாவின் கம்பெனி செய்த கருவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே சூடு ஏறினால் அந்தப் பெட்டி தன் சிம் கார்டு வழியாக ஐரோலி ஆபீசில் இருக்கும் சர்வருக்குச் செய்தி அனுப்பும். சர்வர் உடனே ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்பவரின் போனை அலற விடும். ஞாயிறு மதியம் கட்டடத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. மாசானம் தாராவியிலிருந்து கொண்டுவந்த சோற்றை மேல்மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அன்று கூட்டமாக இருந்த ரத்ததான முகாமுக்குக் கட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குக் கீழே இறங்கினபோது எண்பத்தாறு பைகளும் வீண். யாரோ கையை நீட்டிக் கொடுத்த ரத்தம், அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

கருவியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பத்து, எச்சரிக்கை சேர்ந்தது என்று இருந்தது. திங்கட்கிழமை அங்கிருந்து கேட்டபோது பதில் சொன்னவள் ஷ்யாமளாதான். "போன்ல வந்ததை அழிச்சிருக்கலாம், எத்தனையோ பேர் அப்படிப் பண்ணுவா" என்று ஹிந்தியில், ரொம்பவும் அனுபவசாலி மாதிரி, சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தில் மாசானத்தின் வேலை ஆட்டம் கண்டது.

ஷ்யாமளாவுக்கு ஐம்பத்தொரு வயது. மாதுங்காவில் அப்பா குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பிடித்த அதே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்காத வயது வந்துவிட்டதே ஒரு சுகம். கணக்கில் பட்டம் வாங்கி, தாதரில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த வகுப்பில் கம்ப்யூட்டர் நிரல் எழுதப் படித்து, நாலைந்து கம்பெனி மாறி, அனந்தகிருஷ்ணனிடம் வந்து சேர்ந்தாள். அப்போது கம்பெனி என்பது அவரும் அவளும் ஒரு சால்டரிங் மேஜையும்தான். இன்று நாற்பது பேர்.

கருவி சர்வரோடு பேசுகிற பகுதி முழுக்க அவள் எழுதியது. லைனைப் பிடிப்பது, விட்டுப் போனால் மறுபடி பிடிப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது கைவிடுவது எல்லாம். அதைப் பாதிக்கு மேல் அவள் ரயிலில்தான் எழுதினாள். காலையில் ஊரே தெற்கே போகும். அவள் மாதுங்காவிலிருந்து வடக்கே தாணே போய், அங்கே வண்டி மாறி ஐரோலி போகிறவள். அதனால் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும். மடியில் லாப்டாப், பையில் கருவி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர். பக்கத்தில் கீரை ஆய்கிற மராத்திக்காரப் பெண்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் கீரைக்காம்பை அவள் ஒயர்மேல் போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த நாளில் விக்ரோளி தாண்டினால் சிக்னல் செத்துவிடும். முலுண்டில்தான் மறுபடி உயிர் வரும். கருவியைச் சோதிக்க அவளுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? லைன் எப்படிப் போகும், எப்படி வரும் என்று தினமும் இரண்டு வேளை ரயில்வேயே நடத்திக் காட்டியது. அவள் நிரலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும், காத்திருக்கும் ஒவ்வொரு வினாடியும், அந்தப் பாதையில் கடிகாரம் பார்த்து எடுத்தது. அதில் அவளுக்கு மகா பெருமை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

முதலில் அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். சர்வர் "வந்தது" என்று பதில் சொன்ன பிறகே கருவி "சேர்ந்தது" என்று பதியும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஆனால் விக்ரோளிக்கும் முலுண்டுக்கும் நடுவில் பதில் எங்கே வரும்? கருவி மூன்று தடவை அனுப்பும். லைன் வந்ததும் மூன்றும் ஒன்றாகப் போய் விழும். லைன் விட்டு விட்டு வரும் குர்லாவில் ஒரு மருந்துக் கிடங்குக்காரர், முதல் வாடிக்கையாளர், ஒரே சூட்டுக்கு மூன்று தடவை போன் அலறுகிறதென்று கத்தினார். மறுநாள் காலை ரயிலில் ஷ்யாமளா ஒரு வரியை மாற்றினாள். லைனிடம் கொடுத்தாயிற்றா, சேர்ந்ததாகப் பதிந்துவிடு, பதிலுக்குக் காத்திருக்காதே. தினமும் கண்ணால் பார்க்கிறாளே, கொடுத்தது கருவிக்குள் காத்திருந்து எப்படியும் போய்விடுகிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் தனக்கு ஞாபகமாக ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதி வைத்தாள்: முலுண்டில் லைன் வந்துவிடும்.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம் யாரும் மூன்று தடவை அலறுகிறது என்று சொல்லவில்லை. அலறவே இல்லை என்று சொன்னவர்கள் இருந்திருக்கலாம். அவர்களை யார் நம்பினார்கள்?

நகுல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவன். செம்பூரில் வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் கடைப்பலகையைக்கூட எழுத்துக்கூட்டுவான். வந்த மூன்றாம் மாதமே இந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு வெளி லைப்ரரி ஒன்றைப் போடலாம் என்றான். லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. உலகத்தில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வைத்திருக்கும் தயார் நிரல்.

"ஆயிரக்கணக்கான பேர் யூஸ் பண்றாங்க மேம். ஒருத்தருக்கு அடிபட்டா எல்லாருக்கும் சரியாகுது. நம்மளது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நாளைக்கு நீங்க லீவு போட்டா பந்த் படேகா, எல்லாம் நின்னுடும்."

"அதை எழுதினவன் எங்கேயோ இருக்கான். ஒரு நாள் அலுத்துப் போய் மூடிட்டுப் போனா நாம யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது? அவன் எதையோ மாத்தி, நம்ம பெட்டி எல்லாம் ஒரே நாள்ல படுத்துண்டா? அதோட அது யானை கனம். நம்ம பெட்டில இடம் இருக்கா?"

அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவன் சொன்னதிலும் இல்லை. மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் ஜெயித்தவள் அவள்தான். மூன்றாம் தடவை அவன் ஒன்று மட்டும் கேட்டான்.

"மேம், சர்வர் பதில் சொல்றதுக்கு முன்னாடியே சேர்ந்ததுன்னு எழுதறோமே. ஏன்?"

"பதினாலு வருஷமா ஓடறது நகுல். உன் லைப்ரரி பொறந்து நாலு வருஷம் ஆகியிருக்குமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நகுல் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இந்த வாரம் முழுக்க அவன் அவள் மேஜைப் பக்கமே வரவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

புதன்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனபோது ஷ்யாமளா எழுந்தாள். சப்பாத்தி சுற்றி வந்த அலுமினியத் தாளை உதறி, நீவி, ஒரு கருவியை அதற்குள் வைத்துச் சுற்றினாள். அதை ஃபைல் வைக்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். கதவிடுக்கு வழியாக ஒரு ஒயர் லாப்டாப்புக்கும், இன்னொரு ஒயரின் நுனியில் சூடு பார்க்கும் உலோக முனை வெளியேயும். சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து காணாமல் போயிற்று. முனையை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கைச்சூட்டில் டிகிரி ஏறியது.

லாப்டாப்பில் எழுத்து ஓடியது. ஒன்று பன்னிரண்டு, எச்சரிக்கை சேர்ந்தது.

அந்தக் கருவியின் எச்சரிக்கை வர வேண்டிய அவள் போன் மேஜைமேல் சும்மா கிடந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தாள். இருபது நிமிஷம் கழித்துப் பீரோவைத் திறந்து, தாளைப் பிரித்தாள். லைன் வந்தது. பழைய இணைப்பு அத்தனை நேரம் தாங்காமல் செத்துப் போயிருந்தது, அதோடு அதில் காத்திருந்த செய்தியும் போயிருந்தது. கருவி புது இணைப்புப் போட்டு, தன் பதிவேட்டைச் சமர்த்தாகச் சர்வருக்கு ஒப்பித்தது. சேர்ந்தது, சேர்ந்தது. போன் கடைசிவரை அலறவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த ரத்த வங்கியின் அடித்தளத்தில் சிக்னல் கிடையாது, சுவரில் சிக்னலைக் கூட்டும் ஒரு பூஸ்டர் மாட்டித்தான் வேலை நடந்தது. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜோடு பூஸ்டரும் போகும். கருவி மட்டும் தன் பாட்டரியில் விழித்துக்கொண்டு, செத்த லைனிடம் செய்தியைக் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கும். ரயில் நகரும், சில நிமிஷத்தில் முலுண்டு வரும். ஃப்ரிட்ஜ் எங்கே நகரும்? அதற்கு முலுண்டு கிடையாது. லோக்கல் ரயிலில் போய் வருகிறவளுக்கு மட்டும் வரக்கூடிய நம்பிக்கையை, நின்ற இடத்தில் நிற்கிற நூற்று நாற்பது பெட்டிகளில் அவள் வைத்து அடைத்திருந்தாள்.

அனந்தகிருஷ்ணனிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நகுல் கேட்டுண்டே இருக்கானே, அந்த லைப்ரரியைப் போட்டுடுவோம். அடுத்த வெர்ஷன்னு சொல்லி எல்லாப் பெட்டிலயும் ஏத்திடலாம். இனிமே தப்பு நடக்காது. பழசைத் தோண்டாதே."

"மாசானம்?"

"வேற எங்கயாவது கிடைக்கும். எல்லா இடத்துலயும் ஆள் தேடறா. நாற்பது பேர் சாப்பாடு ஷ்யாமளா. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. ரெக்கார்டுல இருக்கறதை எழுதச் சொல்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம். ஆனால் சோறு நாற்பது பேருடையது, அதில் நகுலும் இருந்தான். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

நேரே நகுலிடம் போனாள். "உன் லைப்ரரில சேர்ந்ததுன்னு எப்போ சொல்றான்னு பாரேன்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

மறுநாள் காலை அவன் வந்து நின்றான். "மேம், அதுலயும் அப்படித்தான். நாம ஒண்ணும் மாத்தாம அப்படியே போட்டா, அனுப்பிச்சிட்டு பதிலுக்கு நிக்காது."

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

"ஆனா அதை முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்க மேம். தடிச்ச எழுத்துல. 'அனுப்பியது என்றால் சேர்ந்தது என்று அர்த்தமில்லை, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த அமைப்பை மாற்றிக்கொள்ளவும்'னு. யாரோ அடிபட்டு சண்டை போட்டிருக்காங்க, அதுக்கப்புறம் போட்டிருக்காங்க. படிச்சா தெரியும்."

அவ்வளவுதான் வித்தியாசம். ஊரான் எழுதியதிலும் அதே ஓட்டைதான். அங்கே ஓட்டைக்கு முன்னால் பலகை நட்டிருந்தது. இங்கே பலகை ஷ்யாமளாவின் மண்டைக்குள் இருந்தது, அதிலும் எழுதியிருந்தது ஓட்டை என்று இல்லை, முலுண்டு என்று. தன் நிரல் போகப்போகிறதே என்று இதுவரை இருந்த வலி அந்த நிமிஷம் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"மாத்தி அமைச்சுப் போடு. சிம்மைக் கழட்டிட்டு, பீரோல வெச்சு, எல்லா மாதிரியும் பார்த்துட்டுப் போடு" என்றாள். "நீ அன்னிக்குக் கேட்டது சரியான கேள்வி. நான் பதில் சொல்லலை."

நகுல் தலையாட்டினான். நேரே பீரோப் பக்கம் போனான்.

வெள்ளிக்கிழமை ஐரோலிக்குப் போகாமல் குர்லாவில் மாறிச் செம்பூருக்குப் போனாள். ரத்த வங்கியின் இரண்டாம் மாடியில் ஒரு அறை, விசாரிக்க மூன்று பேர். சுவரோரம் மாசானம், இஸ்திரி போட்ட சட்டையில், கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். சான்றுக்கு அந்த போனைத்தான் கொண்டுவந்திருந்தார் பாவம். ஷ்யாமளா அனந்தகிருஷ்ணனின் காகிதத்தை எடுக்கவில்லை. தானே எழுதியதை வைத்தாள். அதுவும் நாலு வரிதான். செய்தி சேர்ந்ததாகக் கருவி பதிந்தது, உண்மையில் சேரவில்லை, அப்படிப் பதியும்படி நிரல் எழுதியது நான், மாசானம் சொல்வது நிஜம்.

நடுவில் இருந்த டாக்டர் இரண்டு தடவை படித்தார். "இது எத்தனை நாளாக இப்படி?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"பதினாலு வருஷமாக."

மூன்று பேரும் தலைசாய்த்துப் பேசிக்கொண்டார்கள். மாசானம் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார்கள். அவளை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தானாக வெளியே வந்தாள். படி இறங்குவதற்குள் அனந்தகிருஷ்ணனின் செய்தி வந்துவிட்டது. திங்கட்கிழமை வர வேண்டாம், அப்புறம் பேசலாம் என்று இருந்தது.

வாசலில் மாசானம் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தாள், அதை எப்படித் தாங்குவது என்றும் பயந்தாள். அவர் சொல்லவில்லை.

"மேடம், நான் இங்க ஃப்ரிட்ஜைப் பாத்துக்கிட ஆரம்பிச்சு ஏழு வருசம் ஆச்சு. எனக்கு முந்தி உதுமான்னு ஒருத்தன் இருந்தான். மேலப்பாளையத்துக்காரன்."

"சரி."

"அவனையும் இப்படித்தான் அனுப்புனாங்க. ஃப்ரிட்ஜு கெட்டுப் போச்சு, மெசேஜு வந்தும் பாக்கலன்னு. வரலன்னு தலையில அடிச்சிக்கிட்டான். ஒங்க கம்பெனிலேருந்து காயிதம் வந்துச்சு. நானே நம்பல மேடம். மெஷினு எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு நெனச்சேன். அவன் எடத்துலதான் வந்து நின்னேன்."

ஷ்யாமளாவுக்கு அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. பெயர் ஞாபகம் வரவில்லை, பெயரை அன்று படிக்கவே இல்லை. மதிய சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது.

"இப்போ எங்க இருக்கார்?"

"தேவ்நார்ல. ரிக்சா ஓட்டுதான்."

"கூட்டிண்டு போறேளா?"

தேவ்நார் பக்கம்தான். குறுகலான சந்து, தகரக் கதவு, வாசலில் ரிக்‌ஷா நின்றது. உதுமான் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மாசானத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது, ஆனாலும் ஸ்டூலை எடுத்துப் போட்டான். ஷ்யாமளா உட்காரவில்லை. தான் யார் என்று சொன்னாள். என்ன நடந்தது என்று சொன்னாள். எழுதி வைத்திருந்த நகலை நீட்டினாள்.

அவன் அதை வாங்கவில்லை. 

"நான் இத யார்ட்ட கொண்டு போயி காட்டணும் இப்ப?" என்றான். பிறகு உள்ளே திரும்பி, "ஏ புள்ள, கொஞ்சம் வா" என்று கூப்பிட்டான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவன் மனைவி வந்து நின்றாள்.

"எங்கிட்ட சொல்ல வேண்டாம் மேடம். எனக்குத் தெரியும். இவகிட்ட சொல்லுங்க."

ஷ்யாமளா காலையிலிருந்து மூன்றாம் தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை சர்வர், லைன் எதுவும் வாயில் வரவில்லை.

"அன்னிக்கு இவருக்கு மெசேஜ் வரலைம்மா. வந்துதுன்னு மெஷினை எழுத வெச்சது நான்."

அந்தப் பெண் ஷ்யாமளாவைப் பார்க்கவே இல்லை. கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்.

"அப்ப, அன்னிக்கு நீங்க சொன்னது நெசந்தானா?"